பிராஞ்சைஸ் எடுக்கப்போற நம்ம ஆளுங்களுக்காக: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகள் எல்லாருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, தீபாவளி விழான்னு எங்க போனாலும் இப்பல்லாம் ஹால் வாசல்ல ஒரு பிராஞ்சைஸ் புரோக்கர், அதாவது ஒரு பிராண்டோட பேர்ல கடை நடத்தற உரிமைய வித்துக் குடுக்கறவர், ஸ்டால் போட்டிருக்கார். ஸ்பான்சர் இல்லாம விழா நடத்த முடியாதுன்னு எனக்கும் தெரியும், அவங்கள கூப்பிடாதீங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா ஐடி வேலை போயிட்டு, 401கேங்கற ரிடையர்மென்ட் சேமிப்பு பணத்த எடுத்து ஒரு சாண்ட்விச் கடையோ டியூஷன் சென்டரோ போடலாம்னு வர்ற நம்ம ஆளுங்க அங்க நின்னு கம்பெனிக்கு கட்டற ராயல்ட்டி எவ்வளவு, மாசம் எவ்வளவு நிக்கும்னு மட்டும்தான் கேக்குறாங்க. கடை எந்த ஸ்டேட்ல இருக்குங்கறத பொறுத்து அதே பிராண்டோட அதே அக்ரிமென்ட்டே வேற மாதிரி ஆயிடும்ங்கறத அந்த ஸ்டால்ல யாரும் எடுத்துச் சொல்றதில்ல.

ஃபெடரல் அளவுல இருக்கறது எஃப்.டி.சி.ங்கற ஃபெடரல் வர்த்தக கமிஷனோட பிராஞ்சைஸ் ரூல், 1979லேர்ந்து அமல்ல இருக்கு. கையெழுத்து போடறதுக்கு குறைஞ்சது 14 நாள் முன்னாடி பிராஞ்சைஸ் விவரம் எல்லாம் சொல்ற எஃப்.டி.டி.ங்கற தடி டாக்குமென்ட்ட கம்பெனி குடுக்கணும், அதுல 23 தலைப்புல விவரம் இருக்கணும், அவ்வளவுதான். உண்மைய சொல்லிடுன்னு கம்பெனிக்கு சொல்ற ரூல் அது. உங்கள எப்ப வெளிய அனுப்பலாம், ரினியூ பண்ணலாமா வேணாமாங்கறதுல எல்லாம் அது தலையிடாது. கம்பெனி அந்த ரூல மீறினாலும் அதே ரூல வச்சு நீங்க நேரா கேஸ் போட முடியாது. கார் டீலர்களுக்கு 1956லயும் பெட்ரோல் பங்க் காரங்களுக்கு 1978லயும் ஃபெடரல் சட்டமே பாதுகாப்பு குடுத்துச்சு, பீட்சா கடைக்காரருக்கும் மோட்டல்காரருக்கும் இன்னிக்கு வரைக்கும் அது மாதிரி ஒண்ணு இல்ல, எனக்கு இது பெரிய அநியாயமாத்தான் படுது.

அந்த இடத்த நிரப்புறது ஸ்டேட் சட்டம்தான், அதுவும் சில ஸ்டேட்ல மட்டும். எஃப்.டி.டி.ல 17வது ஐட்டம்னு ஒரு டேபிள் இருக்கும், ரினியூவல், டெர்மினேஷன், கடைய வித்துட்டு போறது, சண்டை வந்தா எந்த ஊர் கோர்ட்டுங்கறது எல்லாம் அதுல இருக்கும். பலபேர் அதோட மூடி வச்சிடறாங்க. கடைசிக்கு போனா ஸ்டேட் அடெண்டம்னு, அந்தந்த ஸ்டேட் சட்டத்துக்காக சேத்த சில பக்கங்கள் தனியா வரும், கலிஃபோர்னியா, இல்லினாய், மினசோட்டான்னு ஸ்டேட் வாரியா. மெயின் அக்ரிமென்ட்ல கடைய விட்ட பிறகு இத்தன வருஷம் அதே தொழில் பண்ணக்கூடாதுன்னு அடிச்சு எழுதியிருப்பாங்க, கலிஃபோர்னியாவுக்குன்னு இருக்கற பக்கத்துல பாத்தா அந்த ஷரத்து இந்த ஸ்டேட் சட்டப்படி செல்லாம போகலாம்னு அதே கம்பெனிதான் அச்சடிச்சு வச்சிருக்கும். கேஸ் வெளி ஸ்டேட்லதான் போடணும்னு இருந்தா அதயும் அங்க சட்டம் செல்லாதுன்னு சொல்லுது. அங்க 2016 ஜனவரியிலேர்ந்து போட்ட அக்ரிமென்ட்னா, டெர்மினேட் பண்றதுக்கு முன்னாடி கடைக்காரர் தப்ப சரி பண்ண கம்பெனி பொதுவா 60 நாளாவது அவகாசம் குடுக்கணும்.

நியூ ஜெர்சில 1971லேர்ந்தே சட்டம் இருக்கு. தக்க காரணம் இல்லாம டெர்மினேட் பண்ண முடியாது, காரணம் இருந்தாலும் பெரும்பாலும் 60 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும், ரினியூ பண்ண மாட்டேன்னு சொல்லவும் தக்க காரணம் வேணும். விஸ்கான்சின்ல 90 நாள் நோட்டீஸ், அதுல 60 நாள் சரி பண்ணிக்க.

இப்ப டல்லாஸ் பக்கம் எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் கதைய கேளுங்க. கணவன் மனைவி ரெண்டு பேரும் கல்லால நின்னு வளத்த கடை, பத்து வருஷ டேர்ம் முடிஞ்சதும் ரினியூவல் இல்லன்னு ஒரு லெட்டர். லீஸ் இவர் பேர்ல, அடுப்பு ஃப்ரீசர் எல்லாம் இவர் காசு, ஆனா அதே தொழில் பண்ணக்கூடாதுங்கற நான்-கம்பீட் ஷரத்து இருக்கறதால போர்டை மாத்திட்டு சொந்த பேர்ல அதே தொழிலயும் நடத்த முடியல. இதே குடும்பம் நியூ ஜெர்சி எடிசன்ல கடை போட்டிருந்தா கம்பெனி முதல்ல காரணம் சொல்லியாகணும். டெக்சஸ்ல பிராஞ்சைஸுக்குன்னு அப்படி ஒரு பொதுவான சட்டமே இல்ல, அக்ரிமென்ட்ல என்ன இருக்கோ அதுதான். கம்பெனி ஹெட் ஆபீஸ் கலிஃபோர்னியால இருக்கே, அந்த சட்டம் நமக்கும் வராதான்னு அவர் கேட்டார். அந்த சட்டம் கலிஃபோர்னியால குடியிருக்கறவங்களுக்கும் அங்க கடை நடத்தறவங்களுக்கும்தான்.

அடெண்டம் இருந்தா மட்டும் எல்லாம் சரின்னும் நினைக்காதீங்க. சட்டம் உங்களுக்கு தனியா பொருந்தினாத்தான் இந்த பக்கம் செல்லும்னு பல அடெண்டத்துலயே ஒரு வரி இருக்கும். நியூ ஜெர்சி சட்டம் பொருந்தணும்னா கடை அங்க இருக்கணும், 12 மாச விற்பனை 35,000 டாலருக்கு மேல போயிருக்கணும், இன்னும் சில கணக்கும் உண்டு. அப்புறம் ஆர்பிட்ரேஷன், அதாவது சண்டைய கோர்ட்டுக்கு போகாம ஒரு நடுவர்கிட்ட தீத்துக்கறது. 1984ல கலிஃபோர்னியா 7-இலவன் கடைக்காரங்க கேஸ்லதான் ஃபெடரல் ஆர்பிட்ரேஷன் சட்டம் ஸ்டேட் சட்டத்துக்கு மேலன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதனால ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தா ஸ்டேட் குடுத்த கோர்ட் பாதுகாப்பு பாதி கழண்டுடும்.

அதனால உங்ககிட்ட கேக்கறது இதுதான். புரோக்கருக்கு ஸ்டால் குடுக்கற அதே விழாவுல பிராஞ்சைஸ் வாங்கறவங்க பக்கம் வாதாடற ஒரு வக்கீல கூப்பிட்டு அரை மணி நேரம் பேச வைங்க, உங்க ஸ்டேட் அடெண்டத்த ஸ்க்ரீன்ல போட்டு வரி வரியா காட்ட சொல்லுங்க. டெக்சஸ், ஜார்ஜியா மாதிரி பொதுவான பிராஞ்சைஸ் பாதுகாப்பு சட்டம் இல்லாத ஸ்டேட்ல இருக்கற சங்கங்களுக்கு இது இன்னும் அவசரம். அங்க நம்ம ஆளு 60 நாள் அவகாசம், ரினியூவல் மறுத்தா நான்-கம்பீட் கிடையாதுன்னு தானாத்தான் கேட்டு அக்ரிமென்ட்ல எழுதி வாங்கணும். பெரிய பிராண்டு எல்லாத்தையும் ஒத்துக்காது, ஆனா ஒண்ணு ரெண்டையாவது கேட்டு வாங்க அந்த 14 நாள்தான் இருக்கு, கையெழுத்து போட்டு பணம் கட்டின பிறகு அவங்க உங்க போனையே எடுக்க மாட்டாங்க.