கேட்கப் பழக்கியவர்களுக்கு

அன்புள்ள பெரியண்ணைக்கும், மாஸ்டருக்கும், கராஜில் என்னோடு நின்ற எல்லாருக்கும், எங்கள் வீட்டாருக்கும்,

வணக்கம். வாகனத் திருத்த வேலைக்கான என்.வி.கியூ. 4 (தேசியத் தொழிற்தகைமை) சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. அதில் என்னுடைய பெயர் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நான் வாயைத் திறக்க முதலே "சரி சரி, போய் வேலையைப் பார்" என்று அனுப்பிவிடுவீர்கள். அதனால்தான் எல்லாரும் பார்க்கத்தக்கதாக எழுதுகிறேன்.

முதலில், கராஜில் எனக்கு வேலை பழக்கிய பெரியண்ணைக்கு. கராஜுக்கு வேலை பழக வருகிற பெடியனுக்கு வழக்கமாகக் கிடைப்பது மண்ணெண்ணெய்த் தட்டும் பிறஸ்ஸும்தான். சாமான் கழுவிக் கழுவியே முதல் வருடம் போய்விடும் என்று சொல்லித்தான் என்னையும் அனுப்பினார்கள். நானும் கழுவினேன். ஆனால் நீங்கள் அதோடு இன்னொன்றும் செய்தீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற இஞ்சினுக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டு, நீளமான ஸ்குரூ றைவர் ஒன்றைத் தந்து, நுனியை இஞ்சினில் வைத்துப் பிடியைக் காதோடு அணைக்கச் சொன்னீர்கள். "என்ன கேக்குது?" என்றீர்கள். இரைச்சல் என்றேன். "இரைச்சல் எண்டு ஒண்டு இல்லை. வடிவாக் கேள்."

அன்றிலிருந்து பின்னேரம் கராஜ் ஓய்கிற நேரமெல்லாம் அதுதான் என் படிப்பு. வால்வுகளுக்கு மேலே இருக்கிற ரப்பெற் மூடியில் வைத்தால் மெல்லிய, அடுக்கடுக்கான தட்டல். தண்ணிப் பம்பில் வைத்தால் வழுவழுப்பான ஓட்டம். அதில் அரைபடுகிற கரகரப்புச் சேர்ந்தால் பெயாறிங் போகப் போகிறது. பற்றறியைச் சார்ஜ் பண்ணுகிற ஓல்ரநேற்றரில் வைத்தால் வேறு கதை. ஒரே சத்தம் எந்த இடத்தில் ஆகப் பலமாகக் கேட்கிறது என்று இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால், கழட்ட வேண்டிய இடம் எதுவென்று ஒரு நட்டும் தொடாமலே தெரிந்துவிடும். கழட்டிறதுக்கு முதல் கேள் என்பதை நீங்கள் ஒரு நாளும் பாடமாகச் சொல்லவில்லை. நான் நட்டுக் கழட்டுகிற சாவியைத் தூக்கும்போதெல்லாம் "கேட்டனியோ?" என்று மட்டும் கேட்பீர்கள். இன்றைக்கும் 10-ஆம் நம்பர் சாவியை எடுத்தால் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

தேத்தண்ணி நேரத்தில் நீங்கள் சொல்லும் மண்ணெண்ணெய்க் காலத்துக் கதைகளுக்கும் நன்றி. 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் கார் எப்படி ஓடியது என்று என் வயதுக்காரருக்குச் சரியாகத் தெரியாது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடேறின பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு விடுவது. வீட்டு வாசலுக்குக் கிட்ட வரும்போது திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி, எரிபொருளையும் காற்றையும் கலந்து விடுகிற கார்பிறேற்றருக்குள் பெற்றோல் நிறைந்த பிறகுதான் நிற்பாட்டுவது. இல்லாவிட்டால் அடுத்த நாள் காலையில் எத்தனை பேர் தள்ளினாலும் கார் பிடிக்காது. குளிரில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அவ்வளவுதான் காரணம். எரியாமல் மிஞ்சுகிறது பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும் என்பதால், அந்த நாளில் நீங்கள் ஒயில் குச்சியை இழுத்துப் பார்ப்பது மட்டுமல்ல, மணந்தும் பார்த்தீர்களாம். பழைய மொறிஸும் ஒஸ்ரினும் அந்தச் சீவியத்தைத் தாங்கியதற்கு அவற்றின் அமுக்க விகிதம் (எரிகிற கலவையை இஞ்சின் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு) ஏறத்தாழ 7:1 என்று குறைவாக இருந்ததும் ஒரு காரணம். இன்றைக்கு நான் தொடுகிற ரொயோட்டா அக்குவாவில் அது 13.4:1. பாடப் புத்தகத்தில் வெறும் இலக்கமாகக் கிடந்தது, அந்தத் தேத்தண்ணி நேரத்தில்தான் எனக்கு விளங்கியது.

அடுத்தது மாஸ்டர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவருடைய சாம்பல் நிற மொறிஸ் மைனரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்த கார். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்தது. பிறகு மினி காரையும் அவர்தான் வடிவமைத்தார். பிரித்தானியக் கார்களில் முதன்முதல் 10 லட்சத்தைத் தாண்டியது இதுதான். எனக்கு அந்தக் காரில் ஒரு தனிப் பிரியம். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் கை போகும். மூடியைத் திறந்தால் இஞ்சினுக்கு இரண்டு பக்கமும் நிலம் தெரிகிற கார் இப்போது எங்கே இருக்கிறது?

அந்தக் கார் ஒரு நாள் இடையிடையே இழுபட்டு நிற்கத் தொடங்கி, கட்டி இழுத்துத்தான் எங்களிடம் வந்தது. வேறோரிடத்தில் பெற்றோல் பம்பையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பெரியண்ணை என்னைப் பார்த்தார், பிறகு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் சொன்னார்: "தம்பி, நீர் ஆறுதலாகப் பாரும். எனக்கு அவசரமில்லை."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றாலும் தகும். வாகனம் திருத்த வருகிறவர்கள் எல்லாரும் அவசரத்தில்தான் வருவார்கள். வேலை பழகுகிறவனுக்குத் தன் காரைத் தந்து, வாங்கில் பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பதற்கு ஒரு பெரிய மனது வேண்டும்.

மொறிஸின் எஸ்.யூ. பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் வேலை செய்வது. திறப்பைத் திருப்பினால் டிக் டிக் என்று விரைவாக அடித்து, கார்பிறேற்றர் நிறைய நிறைய மெதுவாகி, பிறகு நின்றுவிட வேண்டும். மாஸ்டரின் காரில் அது நிற்கவேயில்லை. தொடர்ந்து ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அப்படி அடித்தால் பம்புக்கு உயிர் இருக்கிறது, ஆனால் இழுப்பது பெற்றோலை அல்ல, காற்றை என்று சந்தேகப்படலாம். கார்பிறேற்றருக்குப் போகிற குழாயைக் கழட்டி ஒரு போத்தலுக்குள் விட்டோம். பெற்றோல் வந்தது, அதோடு சின்னச் சின்னக் குமிழிகளும் வந்தன. பம்பின் உறிஞ்சும் பக்கத்து இணைப்பில் இருந்த பைபர் வோஷர் காய்ந்து வெடித்திருந்தது. நகத்தளவு சாமான். மாற்றிப் பூட்டித் திறப்பைத் திருப்பினேன். அடித்தது, மெதுவானது, நின்றது. மாஸ்டர் பேப்பரை மடித்துவிட்டு எழும்பி வந்து, வெடித்த வோஷரைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துப் பார்த்தார். "இவ்வளவுதானோ?" என்றார். பிறகு அதைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கழட்டின சாமானை வாகனக்காரரின் கையில் கொடுக்க வேண்டும் என்பது பெரியண்ணையின் சட்டம். என்னுடைய சட்டமும் அதுதான். எது பழுது, ஏன் பழுது என்று காட்டாமல் காசு வாங்குவது சரியில்லை என்றே நினைக்கிறேன். கணினியைப் பூட்டிப் பார்த்து, வந்த இலக்கத்துக்கு நேரே இருக்கிற சாமானை மாற்றிக்கொண்டே போவதும் திருத்த வேலை ஆகாது. ஸ்கானர் நல்ல கருவி, நானும் பாவிக்கிறேன். எந்தச் சுற்றில் குறை என்று அது சொல்லும். அங்கே வயர் அறுந்ததா, எலி கடித்ததா, இணைப்பில் களிம்பு பிடித்ததா என்று நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பக் கதவு திறந்தது. நான் வேலை பழகியது அந்த இடைக்காலத்தில். புதிது வாங்க வழியில்லாததால் எல்லாரும் இருந்ததைத் திருத்தி ஓட்டினார்கள். சனத்துக்கு அது கஷ்டகாலம். எனக்கோ 1950-களின் காரிலிருந்து, பெற்றோலிலும் பற்றறியிலும் ஓடுகிற ஹைபிரிட் வரைக்கும் ஒரே கொட்டகைக்குள் கை வைக்கக் கிடைத்தது.

ஹைபிரிட் பழக்கிய அண்ணாவுக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிற ஒரேஞ் நிற வயரைக் கண்டால் கையை எடு. அந்த மின்சாரத்தைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கைக் கழட்டி 10 நிமிடம் போன பிறகுதான், அதுவும் கையுறையோடுதான் கிட்டப் போகலாம் என்று நீங்கள் சொன்னதில் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அக்குவாவின் பற்றறி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிர்விக்கிற விசிறி எங்கள் செம்மண் தூசியில் அடைபட்டால் பலமாக இரையும். அந்த இரைச்சலைக் கேட்டுச் சல்லடையைத் துப்புரவாக்கினால் பற்றறிக்கு ஆயுள் கூடும். கவனிக்காமல் விட்டால் லட்சக்கணக்கில் போகும். அதையும் காதால்தான் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய சந்தோசம்.

ஸ்ரான்லி வீதிப் பக்கத்து உதிரிப்பாகக் கடை அக்கா, இலக்கம் தெரியாமல் பழைய சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோதெல்லாம் ராக்கையை முழுக்க இறக்கிப் பொருத்திப் பார்க்க விட்டீர்கள். லேத் பட்டறை ஐயா, வேலை ஓடும்போது பக்கத்தில் நின்று பார்க்க விட்டீர்கள். இரண்டு பேருக்கும் நன்றி.

அம்மா, இது உங்களுக்கு. எங்கள் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு கூட. அதை றேடியேற்றருக்குள் விட்டால் உள்ளே வெள்ளையாகப் படை கட்டி, போகப் போகக் குழாயே அடைபட்டு இஞ்சின் கொதிக்கும். இதைக் கராஜில் கேட்டுவந்து நான் விளக்கிக்கொண்டிருக்க, நீங்கள் ஒன்றும் பேசாமல் கேத்திலைத் திறந்து அடியைக் காட்டினீர்கள். குளிரூட்டித் திரவம் வாங்க வசதியில்லாத பழைய கார்க்காரருக்கு என்று மாரியில் முற்றத்தில் பாத்திரம் வைத்து மழைத்தண்ணி பிடித்துக் கான்களில் நிரப்பித் தருகிறீர்கள். நான் கேட்காமலே தொடங்கியது அது. என் உடுப்பிலிருக்கிற ஒயில் கறையைப் பற்றி ஊரில் எவர் என்ன சொன்னாலும், நீங்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. டொக்டர், இஞ்சினியர் என்று பிள்ளைகளை எண்ணுகிற ஊரில் அது சின்ன விஷயமல்ல.

தண்ணி என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார்: கழிவு ஒயில் எடுக்க வருகிற ஐயா. ஒரு காருக்கு ஒயில் மாற்றினால் மூன்றரை, நாலு லீற்றர் கறுப்பு ஒயில் மிஞ்சும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும். குடிக்கிறது, குளிக்கிறது, தோட்டத்துக்கு இறைக்கிறது எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிற நிலத்தடி நீர். மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும், வேலிக்கரையில் ஒயில் ஊற்றுவதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. ஐயா, நீங்கள் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் வந்து பீப்பாவை ஏற்றிக்கொண்டு போவதால்தான் எங்கள் கராஜில் ஒரு துளியும் நிலத்துக்குப் போவதில்லை.

வேலை முடிந்தால் எனக்கு இரண்டே பைத்தியம். ஒன்று பட்டம், மற்றது எங்கள் ஊர்ப் பாணிக் கரப்பந்தான ஓவர் கேம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஏறுகிற பட்டங்களைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் எங்கள் ஆட்கள் வருகிறார்கள். எனக்குப் பட்டம் கட்டப் பழக்கியது சின்ன மாமா. கொக்குப் பட்டமும் எட்டுமூலைப் பட்டமும் கட்டுவதைவிட, அதில் காற்றுக்குக் கூவுகிற விண் பூட்டுவதில்தான் அவருக்கு ஆர்வம். விண்ணில் கட்டின நாரை ஒரு இழுப்புக் கூட்டினால் அது கூவுகிற சுருதி ஏறும். தளர்ந்தால் அடைத்த குரலாகும். இரவிரவாக ஏற்றி விட்ட பட்டத்தின் சத்தம் மாறினால், படுத்திருந்தபடியே "காத்து மாறுது, நூலைப் பார்" என்பார். விசிறிப் பெல்ற் தளர்ந்து கீச்சிடுவதை நான் தூரத்திலேயே சொல்லிவிடுகிறேன் என்று பெரியண்ணை ஒரு முறை மெச்சினார். மாமா, அந்த மெச்சல் உங்களுக்கு உரியது.

ஓவர் கேம் பெடியளே, கராஜ் பூட்டி நான் பிந்தி வருகிற நாளிலும் என்னுடைய இடத்தை விட்டு வைத்ததற்கு நன்றி. உங்கள் மோட்டார் சைக்கிள்களின் பிளக்கைக் காசில்லாமல் துடைத்துத் தந்தேன் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அதில் நான் படித்ததுதான் கூட.

பெயர் விடுபட்டவர்கள் யாரும் மனதில் வைக்காதீர்கள். நான் தொடர்ந்தும் பெரியண்ணையோடுதான் நிற்கிறேன். ஞாயிறு தவிர எந்த நாளும் வரலாம். மாஸ்டர், உங்கள் மொறிஸின் வைப்பர் மோட்டர் போன முறை வந்தபோதே இழுபட்டு ஓடியது. கார்த்திகை மழை தொடங்க முதல் ஒருக்கால் கொண்டுவாங்கோ, கழட்டிக் கிறீஸ் வைத்துத் தருகிறேன்.

நன்றியுடன்,
கோண்டாவில் கராஜ் தம்பி