சமயபாட நேரத்தில் பேரன் எங்கே இருப்பான்?

மானிப்பாய்
28.01.2024

அன்பு மகளுக்கு,

ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் நடக்கிற கத்தோலிக்கச் சமயபாடத்தில் பேரனை இருக்கவிடலாமா என்று நீ கேட்டதற்கு அன்று போனிலேயே பதில் சொல்லிவிட்டேன். "எங்கட பிள்ளை ஏன் அவையின்ர சமயம் படிக்க வேணும்?" என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் கதையை மாற்றினாய். அதற்குப் பிறகு மூன்று இரவு எனக்கு நித்திரை சரியில்லை. சொன்னது பிழை என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. போனில் கதைத்தால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்பாய், நான் சொல்லவந்தது அரைவாசியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய விளக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். 1949இல் எழுதிய ஜேர்மன் அடிப்படைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சமயத்தைப் பாடசாலைப் பாடமாக வைத்திருக்கிறது. பிள்ளை அதில் இருப்பதா இல்லையா என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 14 வயதானால் பிள்ளையே தீர்மானிக்கலாம்; அது 1921ஆம் ஆண்டுச் சட்டம். நூறு வருடத்துக்கு முன்பே பிள்ளையையும் கேள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள், பார். இங்கே இலங்கையில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் சமயம் கட்டாயம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம். நான் படித்த காலத்திலும் படிப்பித்த காலத்திலும் பிள்ளையிடம் யாரும் விருப்பம் கேட்டதில்லை.

உனக்கு நான் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் நான் தீவுப்பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சைவநெறி படிப்பித்தது உனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் இரண்டு கத்தோலிக்கப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள், அக்காவும் தங்கையும். அவர்களின் சமயத்துக்கு எங்களிடம் ஆசிரியர் இல்லை. என் பாடம் தொடங்கினால் இருவரும் கொப்பியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். கணக்குச் செய்யுங்கோ என்று சொல்லி அனுப்புவேன். ஒருநாள் கண்ணப்பர் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தன் கண்ணைத் தோண்டி அப்புகிற இடம் வந்தபோது திரும்பிப் பார்க்கிறேன், தங்கைக்காரி யன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். வாய் திறந்தபடி. மற்றக் கண்ணுக்கு என்ன நடந்தது என்று கேட்கத்தான் நின்றிருப்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போய் மரத்தடியில இரு பிள்ளை, உனக்கு இது பாடம் இல்லை" என்றேன்.

உள்ளே வா என்று சொல்லியிருக்கலாம். பின்வாங்கில் இடம் இருந்தது. அவளுடைய தாய்தகப்பன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், நல்ல சனங்கள். நாற்பது வருடத்துக்குக் கிட்டப் போகிறது, அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. சமயபாட நேரத்தில் பேரன் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வகுப்புக்குப் போய், கடைசி மேசையில் இருந்து படத்துக்கு நிறம் தீட்டுகிறான் என்று நீ சொன்னபோது எனக்கு அவள்தான் வந்து நின்றாள். அப்படி இருந்தும் என் வாயில் வந்தது பழைய பதில்தான்.

மருமகன் சொல்வதையும் நான் தள்ளவில்லை. ஊரை, வீட்டை, கோயிலை எல்லாம் விட்டுவிட்டு வந்தோம், இதையும் விடவேண்டுமா என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு முன்னால் நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நிறம் தீட்டுகிறதால் அவன் சைவப்பிள்ளை ஆகிவிடுகிறானா? இத்தனை வருடம் சைவநெறி படிப்பித்தவள் சொல்கிறேன், ஓ.எல்.லில் ஏ எடுத்துவிட்டு ஒரு தேவாரம் முழுதாகப் பாடத் தெரியாத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் கொடுப்பது புள்ளி. பிள்ளைக்குச் சமயம் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் ஒட்டுகிறது.

உன் தாத்தா எதற்கெடுத்தாலும் ஆறுமுக நாவலர் பெருமானைச் சொல்லுவார். நானும் அவரைத்தான் நினைத்தேன். மெதடிஸ்த மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அங்கேயே படிப்பித்தவர். பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது பக்கத்தில் இருந்து துணைசெய்தவர். அந்த வேதத்தை அவர் அளவுக்குக் கரைத்துக் குடித்த சைவர் அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள்? அவர்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மருமகனுக்கு இதை நான் சொன்னேன் என்று சொல்லாமல் சொல். அவருக்கும் நாவலர் மேல் மரியாதை உண்டு.

நாங்களும் மாதாவைத் தெரியாத ஆட்கள் இல்லையே. உன் அண்ணா நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது நான் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன், அவன் எழும்பி நடந்தவுடன் கூட்டிக்கொண்டு போய் நிறைவேற்றினேன். நீங்களும் ஆவணியில் கேவலார் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துகிறீர்கள், படம் அனுப்பினாயே. அங்கே தமிழ்ச் சனத்தில் பாதி நெற்றியில் திருநீறோடு நிற்கிறது.

கார்த்திகையில் பேரன் எனக்குப் போனில் சொன்ன கதை ஞாபகம் இருக்கிறதா? நவம்பர் 11, மார்ட்டின் திருநாள். விளக்குக்கூடு பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனது, முன்னால் குதிரை வந்தது, மனித உருவில் சுட்ட பணிஸ் கொடுத்தது, எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னான். மார்ட்டின் என்ற போர்வீரன் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதி கொடுத்தானாம். எனக்குக் கேட்கக் கேட்க பேகன்தான் நினைவுக்கு வந்தான். எங்களிடமும் ஒரு அரசன் இருந்தான் ராசா, பழனி மலைப்பக்கம், தோகை விரித்து நின்ற மயிலைப் பார்த்துக் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையையே போர்த்திவிட்டான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு கேட்டான், "அம்மம்மா, மயிலுக்குக் குளிருமோ?"

அந்தக் கேள்வி அவனுக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பார். கையில் ஏற்கெனவே ஒரு கதை இருந்ததால்தான் மற்றதை அதோடு வைத்துப் பார்த்தான். அதனால் என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். அவனை அந்த வகுப்பில் இருக்கவிடு. அங்கே கேட்டதை வீட்டில் வந்து சொன்னால், எங்கள் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்ல நீங்கள் இருவரும் ஆயத்தமாக இருக்க வேண்டும். தெரியாவிட்டால் எனக்கு எடு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விளையாட்டுக்காக விடாதே. ஹம் காமாட்சி அம்மன் கோயில் டோர்ட்முண்டில் இருந்து ஒரு மணித்தியாலம் கூட இல்லை, தேருக்கு மட்டும் போகாமல் சனம் குறைந்த ஒரு வெள்ளிக்கிழமையும் போ. அவன் ஐயரிடம் நின்று கேள்வி கேட்க இடம் கிடைக்கும்.

முதலில் வகுப்பு ரீச்சரிடம் நேரே போய்க் கதை. பாடத்தில் செபம் சொல்லவைப்பார்களா, அவன் கை கூப்பாமல் பேசாமல் இருந்தால் பரவாயில்லையா என்று கேள். மூன்றாம் வகுப்பு வரும்போது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முதல் நன்மை வரும், கோயிலில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். புது உடுப்பு, பரிசு, வீட்டில் கொண்டாட்டம். இவனும் ஆசைப்படுவான். வரிசையில் போய் நின்று வெறுங்கையோடு திரும்பவிடாதே, அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் அவன் ஏன் அதை வாங்குவதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லு. கூட்டாளிக்கு ஒரு பூச்செண்டு கொண்டுபோய்க் கோயிலில் பின்வரிசையில் இருந்து பாருங்கள். சரிவரவில்லை என்றால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம் என்று நீ அனுப்பியதிலேயே இருக்கிறது. ஆயுளுக்கும் போடுகிற கையெழுத்து இல்லை.

ஒன்று மட்டும், கையெழுத்து வைக்க முன்னம் அவனிடம் கேள். ஏழு வயதுதான், ஆனாலும் கேள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேள், சும்மா விடாதே.

இந்தக் கடிதத்தோடு நல்லூர்த் திருநீறு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். ஒடியல்மா பக்கத்துவீட்டு அக்காவின் மகன் மாசியில் வரும்போது கொண்டுவருவான். மயிலைப் பற்றி நான் அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிறேன், அவனைக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு இருக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா