மெதடிஸ்த ஆலய மாதர் ஐக்கிய சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய சேகர முகாமைக் குரு அவர்களுக்கும், தலைவி அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மழையையும் பொருட்படுத்தாமல் மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்தும் மேற்கே படுவான்கரையிலிருந்தும் வந்திருக்கும் சகோதரிகள் அனைவருக்கும் கர்த்தருடைய நாமத்தில் வணக்கம். 2024 ஜனவரி முதல் டிசெம்பர் வரையான எமது சங்கத்தின் பணிகள் பற்றிய அறிக்கையை இப்பொதுக்கூட்டத்தின் முன் சமர்ப்பிக்கிறேன்.

ஜனவரி 7ஆம் திகதி, ஆண்டவரோடுள்ள உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் உடன்படிக்கை ஆராதனையில் எமது உறுப்பினர்கள் பங்குபற்றினார்கள். மார்ச் 1ஆம் திகதி உலக ஜெப தினம் அனுசரிக்கப்பட்டது. இம்முறை அதன் ஒழுங்கைப் பலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்கள் தயாரித்திருந்தார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய லெந்து கால வெள்ளிக்கிழமைத் தியானங்களும், உயிர்த்த ஞாயிறு அதிகாலை ஆராதனையும், நோயாளர்களுக்கான உணவுப் பொதி வழங்கலும், அறுப்பின் பண்டிகை ஏலமும் வழமைபோல் நடைபெற்றன. நவம்பர் இறுதியில் ஏற்பட்ட வெள்ளத்தினால் அம்மாதக் கூட்டம் நடைபெறவில்லை. கரோல் பவனி இரண்டு இரவுகளாகச் சுருக்கப்பட்டது.

ஏப்ரல் 21ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. 2019இல் அதே திகதியில் எமது நகரின் சீயோன் தேவாலயத்தில் நடந்த உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதலில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டு ஐந்து ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, ஆராதனையின் பின் மெழுகுதிரி ஏற்றி மௌனமாக ஜெபித்தோம். எமது சங்கத்தில் ஒரு தாய் அந்த ஆண்டிலிருந்து இன்றுவரை பக்கக் கதவுக்கு அருகிலுள்ள வாங்கைத் தவிர வேறெங்கும் அமர்ந்ததில்லை. ஆலயத்துக்கு வருவது எல்லோருக்கும் ஒரே அளவு இலகுவான காரியமன்று என்பதை மனதில் வைத்துக்கொண்டே, வருகை பற்றி நான் எழுதப்போகும் பின்வரும் பகுதியை எழுதுகிறேன்.

எமது பதிவேட்டில் 48 உறுப்பினர்களின் பெயர்கள் உள்ளன. மாதாந்தக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் எந்த மாதத்திலும் இருபதைத் தாண்டவில்லை. ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் வந்தால்தான் கூட்டத்தை நடத்தலாம் என்பது விதி. நான்கு பேர் மட்டும் வந்திருக்க, தலைவியும் நானும் பிற்பகல் 4 மணியிலிருந்து 5 மணிவரை வாசலைப் பார்த்தபடி காத்திருந்து, ஜெபித்துவிட்டுக் கலைந்துபோன நாட்கள் இவ்வாண்டில் இரண்டு. நான்கு பேரில் நாங்கள் இருவரும் அடக்கம் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டியுள்ளது. வட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் இட்டால் ஐந்து நிமிடத்துக்குள் முப்பது பேர் ‘ஆமென்’ என்று பதில் எழுதுகிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த முப்பது பேரில் பத்துப் பேர் நேரில் வந்து ஒரு பாயில் அமர்ந்திருந்தால், நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை நாம் வாசித்து மட்டும் முடித்திருக்க மாட்டோம். அவர்களுடைய வீடுகளுக்கும் போயிருப்போம்.

சந்தா விடயத்தில் நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். மாதச் சந்தா 50 ரூபா. கடந்த பொதுக்கூட்டத்தில், ஆறு மாதங்களுக்கு மேல் நிலுவை வைத்திருப்போரின் பெயர்களைக் கூட்டத்தில் வாசிப்பது என்று தீர்மானித்தோம். அதை முன்மொழிந்தவள் நானே. பெப்ரவரிக் கூட்டத்தில் ஒன்பது பெயர்களை நானே வாசித்தேன். மாதச் சம்பளம் பெறுகிறவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களில் இருவர் மறுவாரமே செலுத்தினார்கள். மற்ற ஏழு பேரும் செலுத்தவில்லை என்பதோடு நிற்காமல், அவர்களில் ஐந்து பேர் அதற்குப் பின் கூட்டத்துக்கும் வரவில்லை. அறிவித்தல் பலகையில் எபிரெயர் நிருபத்தின் 10ஆம் அதிகாரம் 25ஆம் வசனத்தை, சபை கூடிவருதலை விட்டுவிடாதிருக்கச் சொல்லும் அந்த வசனத்தை, சிவப்பு மையில் எழுதி ஒட்டியவளும் நானே. ஜூன் மாதத்தில் ஒருநாள் அதே அதிகாரத்தைக் குடும்ப ஜெபத்தில் வாசித்தபோதுதான் 24ஆம் வசனம் என் கண்ணில் பட்டது. கூடிவருதலைப் பற்றிப் பேசுவதற்கு முன், அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனிக்கும்படி அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியம். அதன் பிற்பாதியை மட்டும் வெட்டியெடுத்து, வராதவர்களின் முகத்துக்கு நேரே ஒட்டியிருந்தோம். அன்றைய மறுநாளே அந்தத் தாளைக் கழற்றினேன்.

இதிலிருந்தே இவ்வாண்டின் வீட்டுச் சந்திப்பு ஒழுங்கு தொடங்கியது. இது பற்றி நிர்வாகக் குழுவுக்குள் பலவாறு பேசப்பட்டதனால் சற்று விரிவாக விளக்குகிறேன்.

மெதடிஸ்த மக்களாகிய எமக்கு வகுப்புக் கூட்டம் என்ற சொல் புதியதன்று; எமது பாட்டிமார் வகுப்புத் தலைவிகளாக இருந்தவர்கள். ஆனால் அது எப்படிப் பிறந்தது என்பதை எம்மில் பலர் மறந்துவிட்டோம். 1742 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், தாங்கள் கட்டிய மண்டபத்தின் கடனை அடைக்க மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி ஐயரும் அவருடைய மக்களும் கூடி ஆலோசித்தார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஏழைகளால் அதுவும் முடியாதே என்று இன்னொருவர் மறுத்தார். அப்போது முதலில் பேசியவர், மிகவும் ஏழைகளான பதினொரு பேரைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டு, வாரந்தோறும் அவர்களிடம் தாமே போவதாகவும், கொடுக்க இயலாதவர்களுக்காகத் தாமே கொடுப்பதாகவும் ஏற்றுக்கொண்டார். பதினொருவரும் தலைவருமாகப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பு அவ்வாறே உண்டாயிற்று. பணத்துக்காக வீடு வீடாகப் போனவர்கள் அங்கே நோயையும் சண்டையையும் குடியையும் தளர்ந்துபோன விசுவாசத்தையும் கண்டு வந்து சொன்னார்கள். தாம் இத்தனை நாளும் தேடியது இதுவே என்று வெஸ்லி ஐயர் கண்டுகொண்டார். சந்தாவும் ஆத்தும விசாரிப்பும் ஒரே கதவைத் தட்டித் தொடங்கியவை. நாம் சந்தாவை ஆலய வாசலில் ஒரு மேசையில் வைத்தோம், விசாரிப்பை முழுவதுமாகக் குருவானவரின் தோளில் ஏற்றினோம்.

ஆகவே ஜூலை மாதம் 48 உறுப்பினர்களையும் பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு வகுப்புகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவி மாதம் ஒருமுறையேனும் தன் வகுப்பாரின் வீடுகளுக்குப் போக வேண்டும், சந்தாவை அவர்கள் தாமாகத் தந்தால் மட்டும் பெற வேண்டும் என்பது ஒழுங்கு.

முதல் சந்திப்பாக, நிலுவைப் பட்டியலில் பெயர் வாசிக்கப்பட்ட ஒரு மூத்த சகோதரியைப் பார்க்க மண்முனைப் பாலம் வழியாகப் படுவான்கரைக்குப் போனேன். அவர் திண்ணையில் காலை நீட்டியபடி பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். வலது முழங்கால் பூசணிக்காய் போல் வீங்கியிருந்தது; அதன்மேல் நொச்சியிலை வைத்துப் பழைய சீலைத் துண்டினால் கட்டியிருந்தார். நான் படலையைத் திறந்து உள்ளே போனதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். கையில் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருந்தது. “சந்தாக் காசுக்கா வந்த நீ, என்னப் பாக்கவா வந்த நீ, புள்ள?” என்று கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். லெந்து காலத்திலிருந்தே அவரால் பேருந்துப் படியில் கால் வைக்க முடியவில்லை என்பதும், ஞாயிறுதோறும் அயல் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு அன்றைய வேதபாடத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. எமது பதிவேட்டில் அவருடைய பெயருக்கு எதிரே ஐந்து மாதங்களாக ‘காரணமின்றி வரவில்லை’ என்று என் கையெழுத்தில் இருந்தது. திரும்பும்போது, இந்த வருடத்துப் பாய் விற்றதும் சந்தாவைத் தருவதாகத் தாமாகவே சொன்னார்.

இவ்வொழுங்கின் மீது சொல்லப்பட்ட குறைகளுக்கு என் பதிலைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். போக்குவரத்துக்குச் சங்கப் பணம் செலவாகிறது என்று சொல்லப்பட்டது. அது உண்மையே, எனினும் படுவான்கரைக்கு ஓட்டோவில் போனது முழங்கால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்சென்ற ஒரு தடவை மட்டுமே, மற்றெல்லாப் பயணங்களும் பேருந்திலும் எனது கைக்காசிலும் நடந்தவை. இது குருவானவரின் வேலை என்றும் சொல்லப்பட்டது. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் ஐயர் ஓராண்டு நிறைவதற்குள், 1815இல், இந்த மண்ணிலேயே மரித்தார். தனித்து வந்த ஒரு குருவானவர் அத்தனை விரைவில் எடுக்கப்பட்ட பின்னும் இங்கே சபை நிலைத்ததென்றால், வீட்டுக்கு வீடு போய் ஒருவரையொருவர் தாங்கிய சாதாரண மக்களும் அதற்குக் காரணம் என்றே நான் நம்புகிறேன். எமது குருவானவருக்கோ சேகரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆலயங்கள்.

இன்னுமொரு காரியத்தை எழுதுவதா விடுவதா என்று பலநாள் ஜெபித்தேன். அறுப்பின் பண்டிகைச் சமையலில் ஏற்பட்ட ஒரு வார்த்தைத் தடிப்பினால் எமது மூத்த உறுப்பினர்கள் இருவர் மாதக்கணக்காகப் பேசாதிருந்தார்கள். யார் சொன்னது சரி என்பது இங்கு அவசியமில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் இருவரும் ஒரே கிராதியின் முன், இரண்டு பேருக்கு இடைவெளி விட்டு முழந்தாளிட்டதை நாம் எல்லோரும் கண்டோம். கண்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போ என்று ஆண்டவர் சொன்னது அவ்விருவருக்கு மட்டும் உரிய கட்டளையன்று என்றும், பார்த்துக்கொண்டிருந்த எமக்கும் அதில் கணக்கு உண்டு என்றும் நான் கருதுகிறேன். வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபையின் கிரியையையும் பிரயாசத்தையும் பொறுமையையும் மெச்சிய ஆண்டவர், ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்ற குறையை அதே மூச்சில் சொன்னார். எமது கூட்ட அறிக்கைகள் ஒழுங்காகக் கையொப்பமிடப்பட்டுள்ளன, ஏலம் குறைவின்றி நடந்தது, பீடத்துப் பூக்கள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. இவற்றை எண்ணி நான் மகிழ்கிறேன். ஆயினும் அந்த இரண்டு பேர் இடைவெளியை எந்த அறிக்கையிலும் நாம் எழுதவில்லை. வெள்ளத்தின்போது ஒருவர் வீட்டுக் கிணற்றில் வெள்ளநீர் புகுந்ததைக் கேள்விப்பட்டு மற்றவர் தமது மகனிடம் குடிநீர்க் கான் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பிணக்கு முற்றாகத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. கான் திரும்பி வந்தபோது வெறுமையாக வரவில்லை, அதன் கைபிடியில் ஒரு சீப்பு வாழைப்பழம் கட்டியிருந்தது என்று அறிகிறேன்.

கணக்கு விபரங்களைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். பொதுவாகக் கூறுவதாயின், வரவில் பெரும்பகுதி ஏலத்தினாலும் நன்கொடைகளினாலும் வந்தது. சந்தா வரவு முதல் அரையாண்டில் குறைந்து, வீட்டுச் சந்திப்பு தொடங்கிய பின் ஓரளவு சீரடைந்துள்ளது. செலவு வரவுக்குள் அடங்கியது. வெள்ள நிவாரணத்துக்கென எடுக்கப்பட்ட தொகையின் சில பற்றுச்சீட்டுகள் நனைந்து பழுதடைந்தமையால் கணக்காய்வாளரிடம் விளக்கம் கொடுக்கப்பட்டுள்ளது.

முகாமைக் குரு அவர்களுக்கும், அவர்தம் பாரியாருக்கும், தலைவிக்கும், பொருளாளருக்கும், ஆலயக் கண்காணிப்பாளருக்கும், பாடகர் குழுவினருக்கும், தேநீர் உபசரிப்பைத் தவறாமல் பொறுப்பேற்ற சகோதரிகளுக்கும் எனது நன்றிகள். படுவான்கரைப் பயணங்களில் என்னோடு கூட வந்த இரண்டு இளம் சகோதரிகளை விசேடமாகக் குறிப்பிடுகிறேன்.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். நான்கு வகுப்புகளில் இரண்டுக்கு மட்டுமே தலைவிகள் உள்ளனர். மூன்றாவதை நான் நடத்துகிறேன். நான்காவது வகுப்பின் பன்னிரண்டு பேரையும் ஒக்டோபருக்குப் பின் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. அவர்களில் பெப்ரவரியில் பெயர் வாசிக்கப்பட்ட மூவர் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பும் இன்னும் மிச்சமிருக்கிறது. மூன்று ஆண்டுகளாக இப்பதவியில் இருக்கிறேன். எழுத்து வேலைக்கு வேறொருவர் முன்வருவாராயின் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். வகுப்பு வேலையை விட எனக்கு மனமில்லை. பெயர் வாசிக்கும் தீர்மானத்தை இரத்துச் செய்யும் பிரேரணையை இன்றைய கூட்டத்தில் நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

நான்காவது வகுப்பின் பெயர்ப் பட்டியல் பின்வாசலுக்கு அருகிலுள்ள மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது. தலைவியின் பெயருக்கான இடம் நிரப்பப்படவில்லை. பேனையும் பக்கத்தில் உண்டு. வருகிற சனிக்கிழமை காலை அவ்வகுப்பின் முதல் வீட்டுக்குப் போகவிருக்கிறேன். கூட வர விரும்புகிறவர்கள் 7 மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கலாம்.

இவ்வண்ணம்,
செயலாளர்