ஊறவைத்த கொப்பிகள்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் உயர்தர வகுப்புக் கொப்பிகளைக் கூழாக்கிவிட்டேன். எல்லாவற்றையும் இல்லை, இரண்டு மிச்சம் இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவை இருந்த றங்குப்பெட்டியின் அடி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. போன மாதம் திறந்தால் உள்ளே செம்மண் புற்று. கறையான் உன் பௌதிகவியல் கொப்பிக்கு நடுவால் சுரங்கமே போட்டிருந்தது. எரித்துவிடலாம் என்றார் அப்பா. எனக்கு மனம் வரவில்லை. போர் முடிந்து, 2010 இல் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து எங்கள் ஊர் உருத்திரபுரத்துக்குத் திரும்பி வந்தபோது எங்களிடம் ஒரு பழைய படம்கூட இருக்கவில்லை. கலியாண அல்பம், நான் வரைந்த சித்திரங்கள், நீ குழந்தையாக இருந்தபோது எடுத்தவை, எல்லாம் வழியில் போய்விட்டன. அதற்குப் பிறகு இந்த வீட்டில் சேர்ந்த கடதாசி என்றால் உன் கொப்பிகள்தான்.

அதனால் எரிக்காமல் ஊறப்போட்டேன். இது என் கண்டுபிடிப்பில்லை. ஓட்டை விழுந்த சுளகை அம்மம்மா எறியமாட்டா. பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயமும் போட்டு உரலில் இடித்து, சுளகில் பூசிக் காயவைப்பா. ஊறின வெந்தயத்தின் வழவழப்புத்தான் அதில் பசை. அந்தக் கசப்புக்குப் பூச்சி கிட்ட வராது என்பது அவவின் கணக்கு. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தும், அந்தக் கூழில் ஒரு சித்திரம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, பார்.

கொப்பியின் கம்பிகளைக் கழற்றி, ஒற்றைகளைக் கிழித்து மூன்று நாள் ஊறவிட்டேன். முதல் தடவை சோம்பலில் கிறைண்டரில் அடித்தேன். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் காய்ந்த தாள் பப்படம் மாதிரி நொறுங்கியது. கிறைண்டரின் அலகு நாரைக் கட்டையாக வெட்டிவிடுகிறது. உலக்கை நாரை நசுக்கி, நுனியைப் பிரித்து விடுகிறது. பிரிந்த நார்தான் காயும்போது பக்கத்து நாரைப் பிடிக்கும். மெல்லிய தாள் என்றால் பசையே வேண்டாம், நாருக்கும் நாருக்கும் இடையில் உண்டாகிற ஐதரசன் பிணைப்பே போதும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. உன் கொப்பியில் செலுலோசு என்று தலைப்புப் போட்டு நீயே எழுதி வைத்திருந்தாய். வாசித்து முடித்துவிட்டு அந்தப் பக்கத்தையும் வாளிக்குள் போட்டேன்.

ஆனால் கொப்பிக் கடதாசியின் நார் ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டுக் கட்டையானது. அதோடு நீளமான நார் எதையாவது சேர்க்கவேண்டும். சிறுபோக நெல் வெட்டி முடிந்து ஊரெல்லாம் வைக்கல் கிடந்தது. 1956 இல் வாழைச்சேனையில் கடதாசி ஆலை தொடங்கியபோது வைக்கலில்தானே செய்தார்கள், நான் செய்தால் என்ன? ஒரு நாள் முழுக்கச் சாம்பல் தண்ணீரில் அவித்தேன், அசையவில்லை. நாரை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கிற இலிக்னின் கரையக் காரம் போதவில்லை. அடுத்த நாள் சலவைச் சோடா போட்டு மூன்று மணித்தியாலம் அவித்தேன். வைக்கல் குழைந்தது. கூடவே அப்பாவின் அலுமினியப் பானையும் கறுத்து அரித்துப்போனது. சோடாவுக்கு அலுமினியம் ஆகாது என்பது உன் இரசாயனவியல் கொப்பியில் இருந்திருக்கும், அதை நான் திறக்கவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் அப்பா அந்தப் பானையைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.

வைக்கல் நார் அவ்வளவு நீளமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியில் கைகொடுத்தது, குலை வெட்டின வாழைத்தண்டு.

கூழை வடித்துத் தாளாக்குகிற மரச்சட்டம் அப்பா அடித்துத் தந்தார். பழைய நுளம்பு வலையை இழுத்து ஆணியடித்தது. கி.பி. 105 இல் சீனாவில் சாய் லுன் என்பவர் மரப்பட்டை, கந்தல் துணியோடு பழைய மீன்வலையையும் போட்டு இடித்துக் கடதாசி செய்தார் என்பார்கள். எங்கள் வலை கூழுக்குள் போகாமல் தப்பிவிட்டது.

இனித்தான் உனக்கு நான் சொல்ல நினைத்தது. வேலி மூலையில் நிற்கிற பனை ஞாபகம் இருக்கும். கிழக்குப் பக்கம் இரும்புத் துண்டுகள் புகுந்த காயங்களோடு நிற்கிறதே, அதுதான். தாள் செய்து அலுத்துப்போய், ஒரு பின்னேரம் வெந்தயம் சேர்த்த கூழை அந்த மரத்திலேயே அப்பினேன். அரை அங்குலத் தடிப்பு. பழஞ்சீலையால் ஒற்றி ஒற்றித் தண்ணீரை எடுத்து, இரண்டு விரலால் ஒவ்வொரு காயத்துக்குள்ளும் கூழை அழுத்தினேன். சிலதுக்குள் விரலின் முதல் கணு வரை போனது. முதல் முறை பாழ். கச்சான் காற்றில் ஓரம் முந்திக் காய்ந்து சுருங்க, நடுவால் வெடித்துவிட்டது. இரண்டாம் முறை ஈரச் சாக்கைப் போர்த்தி நான்கு நாள் மெல்லக் காயவிட்டேன். ஐந்தாம் நாள் கத்தி நுனியால் ஓரத்தைக் கிளப்ப, முழுசாகக் கழன்று வந்தது.

திருப்பிப் பார்த்தேன். மரத்தில் குழியாக இருந்ததெல்லாம் கடதாசியில் புடைத்து நிற்கிறது. ஏழு மேடு. பனைச் செதிலின் வரிகள் அவற்றைச் சுற்றி வளைந்து போகின்றன. உன் பேனை மை கலந்ததால் எல்லாம் மங்கின நீலம். வண்ணம் பூசலாமோ என்று தூரிகையை எடுத்துவிட்டு, வைத்துவிட்டேன். அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு மேட்டிலும் விரலை வைத்து எண்ணினார். பானையைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தின் ஒற்றையும் அதே கூழ்தான். வெறும் தாளில் மை பரவி எழுத்துத் தெரியவில்லை, அதனால் சோற்றுக்கஞ்சி பூசிக் காயவைத்து எழுதுகிறேன். அடி மூலையில் நூல் மாதிரித் தெரிவது வாழைநார். அதற்குப் பக்கத்தில் சரியாக இடிபடாத துண்டு ஒன்று இருக்கிறது. அதில் பாதி "கு" தெரியும். அது உன் கையெழுத்து.

சரி, மிச்ச இரண்டு கொப்பிகள். ஒன்று இரசாயனவியல். மற்றது முகாமிலிருந்து வந்த வருஷம் நீ எழுதிய தமிழ்க் கொப்பி, மட்டையில் உன் பெயரை மூன்று தரம் எழுதியிருக்கிறாய். கிணற்றுக்கட்டுக்கு ஒரு அச்சு எடுக்கக் கூழ் போதாமல் இருக்கிறது. இரசாயனவியலை ஊறப்போடட்டுமா? மற்றதை நீ போடச் சொன்னாலும் நான் போடமாட்டேன், அதனால் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது சொல். மாரி தொடங்கினால் ஒன்றும் காயாது.

அன்புடன்,
அம்மா