தட்டுல இருந்த சிவப்புக் கோடு

தம்பி,

அக்கா குரூப்ல போட்ட மூணு போட்டோவும் பாத்தேன். மொதல்ல ஒண்ணும் புரியல, குளவிக்கூடு மாதிரி சாம்பலும் நீலமுமா ஒரு உருண்டை, ஒரு சாவி பாதி வெளிய நீட்டிக்கிட்டு, இன்னொரு பக்கம் அறுந்த ஜிப்பு, பித்தான், ஒரு ஸ்பூன் காம்பு. நீ செஞ்சதுன்னு அக்கா சொன்னப்புறம் திரும்ப எடுத்துப் பாத்தேன். நல்லா இருக்குடா. எங்கயும் தொய்வு விடாம நூலை இழுத்து சுத்திருக்க, அது உங்கம்மா கை. ஆனா அதை நீ ராத்திரி மூணேகாலுக்கு அனுப்பிருக்கன்னு அக்கா சொன்னா, அந்த நேரத்துல முழிச்சுக்கிட்டு என்னப்பா வேலை, பகல்ல செய், வெளிச்சத்துல செய், கண்ணு போச்சுன்னா அவ்ளோதான்.

அப்புறம் அந்த சாவி. துருப்பிடிச்சது, போட்டோலயே தெரியுது. நாப்பது வருஷம் ஃபிட்டரா இருந்தவன் சொல்றேன், துருவோட அப்படியே நூல் சுத்தாத, கொஞ்சம் ஈரம் பட்டாலே கறை நூல்ல ஏறும், நாளாக நாளாக பருத்தி நூலு இத்துப்போய் அந்த எடத்துலயே அறுந்துரும். மொதல்ல உப்புத்தாள் போட்டு தேய், மண்ணெண்ணெயில தொடச்சு நல்லா காய விடு, மேல கிளியர் வார்னிஷ் ஒரு கோட்டு அடி, அப்புறம் சுத்து. கறையே வேணும்னு நெனச்சா அது வேற, துருவாலயே துணிக்கு சாயம் ஏத்தறவங்க இருக்காங்களாம், வினிகர்ல நனைச்ச துணிய பழைய ஆணி மேல சுத்தி வெச்சா ஆணி அச்சு அப்படியே துணில விழுந்துருமாம். கம்பளி நூல்னா பூச்சி வரும், பாத்துக்கோ. விரலுக்கு உறை போட்டுக்கோ, இழுத்து இழுத்து ஆள்காட்டி விரல் அறுபடும்.

இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு நீ நெனப்ப. நாலு நாளா இதைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன், பொழுதும் போகணுமே. பதினோரு வயசுல நீ எம்பிராய்டரி வளையத்தோட ஒக்காந்திருந்தப்ப ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா ஊசின்னு புடுங்கி பரண் மேல போட்டவன் நான், உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கு. முதல் உலகப் போர்ல அடிபட்டு வந்த சிப்பாய்ங்களுக்கு இங்கிலாந்துல எம்பிராய்டரி கத்துக்குடுத்தாங்களாம்டா. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்து பலிபீடத் துணி ஒண்ணு, நூத்துக்கும் மேல சிப்பாய்ங்க சேந்து போட்டது, 1919ல விரிச்சாங்க. ரெண்டாம் போர்ல கஸ்டாக்லின்னு ஒரு பிரிட்டிஷ் மேஜர் ஜெர்மன்காரன்கிட்ட கைதியா இருந்தப்ப, 1941ல, ஒரு பழைய ஸ்வெட்டரைப் பிரிச்ச நூலை வெச்சு ஒரு துணி தைச்சாரு. ஓரத்துல புள்ளி கோடு புள்ளி கோடுன்னு அழகா பார்டர். அது மோர்ஸ் கோடு, ஹிட்லரை அசிங்கமா திட்டிருக்காரு! அது புரியாம அந்த ஜெர்மன்காரங்களே துணிய சுவத்துல மாட்டி எல்லாருக்கும் காட்டிருக்கானுங்க. நான் தனியா ஒக்காந்து சத்தமா சிரிச்சேன். நீ இங்க இருந்தா சொல்லிருப்பேன்.

ஜூடித் ஸ்காட்னு ஒரு அம்மாவைப் பத்தியும் படிச்சேன், உனக்குத் தெரிஞ்சிருக்கும். 1943ல பொறந்த ரெட்டைப் புள்ளைங்கள்ல ஒண்ணு, டவுன் சிண்ட்ரோம், காதும் கேக்காது, கேக்காதுங்கறதையே பல வருஷம் யாரும் கண்டுபிடிக்கல. ஏழு வயசுல கொண்டு போய் ஒரு விடுதில விட்டுட்டாங்க. கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல, காலைல முழிச்சா பக்கத்துல படுக்கை காலி. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் கூடப் பொறந்தவதான் போய் கூட்டிட்டு வந்து, 1987ல அமெரிக்காவுல ஓக்லாண்ட்ல ஒரு கலைக்கூடத்துல சேத்துவிட்டா. ரெண்டு வருஷம் கிட்ட எதுலயும் மனசு ஒட்டல. அப்புறம் ஒரு நாள் நூலை எடுத்தவங்கதான், குச்சி, சக்கரம், நாற்காலி, கையில கெடைச்சதை எல்லாம் சுத்தி சுத்தி, 2005ல சாகற வரைக்கும் அதேதான். உள்ள என்ன இருக்குன்னே தெரியாது பாதிக்கு.

காலி படுக்கைன்னு படிச்சப்ப புத்தகத்தை மூடி வெச்சுட்டேன்.

மூணாவது போட்டோவுக்கு வரேன். கிட்டத்துல எடுத்திருக்கியே, அது. நூலுக்கு நடுவுல ஒரு இரும்புத் தட்டு பளபளன்னு தெரியுது, நடுவுல ஊசி எறங்குற ஓட்டை, ஓரத்துல நகச்சாயத்துல போட்ட ஒரு சிவப்புக் கோடு. பெரிசு பண்ணிப் பாத்தேன். அரை இஞ்சுக்கு அடையாளமா உங்கம்மா போட்டுக்கிட்ட கோடு. டேப்பு எடுக்க சோம்பல் அவளுக்கு.

மெஷினை வித்தப்ப வாங்க வந்த ஆளு மூடியத் தொறந்து பாத்துட்டு, என்னங்க தட்டு இல்ல, பாபின் கேஸும் இல்லன்னு கொறச்சுக் கேட்டான். யாரு எடுத்திருப்பான்னு எனக்கு அப்ப புரியல, வீட்டுக்கு வந்துபோன எல்லாரையும் மனசுக்குள்ள சந்தேகப்பட்டேன். இப்பதான் தெரியுது. பதினாறாம் நாள் கெளம்பறதுக்கு முன்னாடியே ஸ்க்ரூவைக் கழட்டி எடுத்துட்டுப் போயிருக்க. அப்போ நான் வித்துருவேன்னு உனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு, இல்ல?

எடம் அடைக்குதுன்னு உன்கிட்ட போன்ல சொன்னேன். அது பொய். நீ போன ஒரு வாரத்துல ஒரு ராத்திரி தூக்கம் வராம அந்த ஸ்டூல்ல ஒக்காந்து பெடலை மிதிச்சேன், நூல் இல்ல, துணி இல்ல, சும்மா. அந்த சத்தம் வந்துச்சு. அக்கா விஷயம் நடந்த வருஷம் முழுக்க உங்கம்மா ராத்திரில ஒக்காந்து பழைய சேலையெல்லாம் கிழிச்சு கிழிச்சு ஒட்டுப் போட்டு தைப்பாளே, யாருக்கும் வேண்டாத தலையணை உறையா, முப்பது நாப்பது இருக்கும், அப்ப நான் உள்ள இருந்து கத்துவேன், சத்தத்தை நிறுத்துடி மனுஷன் தூங்க வேண்டாமான்னு. அவளும் நிறுத்திருவா. என்னடி ஆச்சு ஏன் தூங்கலன்னு ஒரு நாள் எந்திரிச்சு வந்து கேட்டதில்ல நான். அந்த சத்தத்தோட ஒரே வீட்டுல என்னால இருக்க முடியல, மறுநாளே ஆளைக் கூப்பிட்டுட்டேன். உன்கிட்ட கேட்டிருக்கணும். அக்காகிட்டயாவது கேட்டிருக்கணும். நீ அடுத்த தடவை வந்தப்ப அந்த மூலைய பாத்துட்டு ஒண்ணுமே பேசாம பெட்டிய வெச்சியே, அதுக்கு நீ திட்டிருக்கலாம்.

சரி அத விடு. உருண்டைக்குப் பின்னாடி சுவத்துல ஆணி மட்டும் இருக்கு, படம் இல்ல. போன வருஷ போட்டோல அங்க உங்க ரெண்டு பேர் படம் இருந்துச்சு. வெள்ளையடிக்கக் கழட்டிருப்பீங்க. அந்தப் பொண்ணு சௌக்கியமா? நான் ஒண்ணும் கேக்கல. ராத்திரி முழிக்காத, அவ்ளோதான் சொல்றேன்.

மெஷினோட டிராயரை மட்டும் அன்னிக்கு எடுத்து வெச்சுக்கிட்டேன், ஏன்னு தெரியல. அதுல பாதி தீந்த நீலக் கண்டு ஒண்ணு இருக்கு, ஊசி அதுலயே குத்தியிருக்கு, ஊசில அவ கோத்த நூல் இன்னும் இருக்கு, ஒரு சாண் நீளம். நான் உருவல. உனக்கு அனுப்பறேன், உள்ள வெச்சு சுத்தறியோ வெளிய தெரியற மாதிரி வெக்கிறியோ உன் இஷ்டம். பழைய அட்ரஸுக்கே போடட்டுமா, இல்ல மாறிட்டியா? அக்காவைக் கேட்டா உன்னையே கேக்கச் சொல்றா. அதை மட்டும் ஒரு வரி அனுப்பு.

அப்பா