அழுத்தாமல் வாசி

அன்புள்ள மகளுக்கு,

நீ கிதாரில் அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் வாசித்து அனுப்பிய பதிவைக் கேட்டதும் அம்மா "பிரமாதம்" என்று சொல்லிவிட்டாள். நான் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்துப் பிழைத்தவன், அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டேன். தாளம் சுத்தமாக இருக்கிறது, பெருவிரல் பேஸ் தந்திகளில் விடாமல் நடக்கிறது. ஆனால் விரலில் மாட்டிய கண்ணாடிக் குழாய், அந்த ஸ்லைடு, தந்தியைத் தொடுகிற இடமெல்லாம் சுருதி கொஞ்சம் இறங்கியே நிற்கிறது.

உன் காதில் கோளாறு இல்லை, இது கைப்பழக்கம். விரலால் வாசிக்கும்போது பலகையில் குறுக்கே பதித்த கம்பிகளான ஃபிரெட்டுகளில் இரண்டுக்கு நடுவில் அழுத்திப் பழகிவிட்டாய், ஸ்லைடையும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறாய். அது நிற்க வேண்டிய இடம் ஃபிரெட்டின் உலோகத்துக்கு நேர் மேலே. அழுத்தவும் கூடாது, தந்தியின் மேல் சும்மா கிடக்க வேண்டும். பதிவில் அங்கங்கே கடகடவென்று கேட்கிறதே, அழுத்தியதால் கண்ணாடி போய் ஃபிரெட்டில் இடிக்கிற சத்தம் அது. உன் கிதாரில் தந்திகள் வேறு பலகையோடு ஒட்டிக் கிடக்கின்றன. கடையில் கொடுத்துக் கொஞ்சம் உயர்த்திக்கொள், தடித்த 13 கேஜ் தந்தி போட்டுக்கொள். வெறும் தந்திகளை மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும் ஓப்பன் ஜி சுருதிக்கு வந்தால் ஆறு, ஐந்து, ஒன்று ஆகிய மூன்று தந்திகளும் ஒரு முழு ஸ்வரம் இறங்கிவிடுமே, மெல்லிய தந்தி என்றால் தொளதொளத்துப் போகும்.

சுருதி சேர்ப்பதில் ஒரு விஷயம். தடித்த தந்தியிலிருந்து எண்ணினால் டி-ஜி-டி-ஜி-பி-டி. சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டவள் நீ, உனக்கு ப-ஸ-ப-ஸ-க-ப என்று சொன்னால் போதும். டியூனர் பச்சை விளக்கு காட்டியதும் விட்டுவிடாதே. டியூனர் சொல்லும் காந்தாரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆறு தந்தியையும் சேர்த்து மீட்டினால் அந்த உறுத்தல் தெரியும். காந்தாரம் பேசும் இரண்டாம் தந்தியை மயிரிழை இறக்கிப் பார். தம்பூராவை மீட்டும்போது யாரும் வாசிக்காமலே ஒரு அந்தர காந்தாரம் எழுந்து வருமே, அதுதான் இங்கே வேண்டியது. மற்ற தந்திகளை டியூனர் பார்த்துக்கொள்ளட்டும், இதைக் காதால் வை.

அப்புறம் ப்ளூஸின் காந்தாரம். மூன்றாம் தந்தியில் மூன்றாம் ஃபிரெட் தாழ்ந்த காந்தாரமான சாதாரண காந்தாரம், நான்காம் ஃபிரெட் உயர்ந்ததான அந்தர காந்தாரம். ப்ளூஸ்காரர்கள் இரண்டிலும் நிலையாக உட்காருவதில்லை. மூன்றுக்கு மேல் ஏறி, நான்கைத் தொடாமல் எங்கோ நிற்பார்கள். இன்ன இடம் என்று ஃபிரெட்டில் கோடு போட்டுக் காட்ட முடியாது, பாடகனுக்குப் பாடகன் மாறும். அதனால் முதலில் பாடு. வரியை வாயால் முனகிவிட்டு அப்புறம் ஸ்லைடால் தேடு. நம் கோட்டுவாத்தியமும் இந்த ஜாதிதான். ஃபிரெட்டே கிடையாது, கட்டையை இழுத்து இழுத்துப் பாட்டைக் கொண்டுவர வேண்டும். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் பழைய பதிவு கிடைத்தால் கேள்.

ஸ்லைடு வாசித்துப் பாடிய அமெரிக்கர் பிளைண்ட் வில்லி ஜான்சனை இப்போதே கேள். 1927 டிசம்பரில் டல்லாஸில் பதிவு செய்த 'டார்க் வாஸ் த நைட்' பாட்டில் சொல்லே இல்லை. முனகலும் ஸ்லைடும் மட்டும்தான், எது குரல் எது தந்தி என்று சில இடங்களில் பிரிக்க முடியவில்லை. 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு போன தங்க இசைத்தட்டில் அதுவும் இருக்கிறது. அவர் பாடியது ப்ளூஸ் இல்லை, தேவாலயப் பாட்டு என்று உன் நண்பர்கள் திருத்துவார்கள். சரி, இருக்கட்டும். ஸ்லைடு பிடிக்கிறவர்கள் அவரிடம் போகாமல் முடியாது.

அதற்கடுத்து மிசிசிப்பி ஃபிரெட் மெக்டவல். 1959இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் போய்ப் பதிவு செய்தபோது அவர் விவசாயி. ஒரு வரியைப் பாதியில் நிறுத்துவார், மீதியைக் கிதார் சொல்லும். நீயோ குரல் நின்ற இடமெல்லாம் எதையாவது போட்டு நிரப்புகிறாய். வேகமாக வாசிக்கிறவர்களைப் பார்த்து வருகிற ஆசை இது. ராக் இசைக்காரர்களில் பாதிப் பேரிடம் எனக்கு இந்தப் புகார் உண்டு.

ஸ்லைடை மோதிர விரலில் போட்டிருக்கிறாய் என்று தெரிகிறது. சுண்டுவிரலுக்கு மாற்றிப் பார், மற்ற மூன்று விரலும் உனக்கு மிச்சமாகும். அவற்றில் ஒன்றிரண்டை ஸ்லைடுக்குப் பின்னால், அதாவது தலைப் பக்கம், தந்திகளின் மேல் லேசாகப் படுக்க வை. இல்லாவிட்டால் ஸ்லைடுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தந்தியும் சேர்ந்து கீச்சிடும். வாசிக்காத தந்திகளை வலது கை விரல்கள் அடக்கட்டும். சலிப்பான வேலைதான். ஆனாலும் ஸ்லைடில் பாதிப் பாடு தந்தியைப் பேசவிடாமல் வைப்பதற்கே போகிறது. இதைப் பழகும்வரை ஐந்தாம், ஏழாம், பன்னிரண்டாம் ஃபிரெட்டுகளை விட்டு எங்கும் போகாதே. பன்னிரண்டு தாளக் கட்டங்களில் சுற்றிவரும் ப்ளூஸுக்கு அவையும் வெறும் தந்தியும் போதும்.

ஓப்பன் ஈ வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் அம்மா. அதற்கு மூன்று தந்திகளை ஏற்ற வேண்டும், 13 கேஜில் அந்த இழுப்பு பிரிட்ஜுக்கும் கழுத்துக்கும் நல்லதில்லை. ஓப்பன் டிக்கு இறக்கிவிட்டு இரண்டாம் ஃபிரெட்டில் எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கேப்போ கிளிப்பைப் போடு, அதே ஈ வந்துவிடும். ஸ்வரமாகச் சொன்னால் ஸ-ப-ஸ-க-ப-ஸ. ப்ளூஸ்காரர் எல்மோர் ஜேம்ஸ் 1951இல் 'டஸ்ட் மை ப்ரூம்' பாட்டில் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் போட்ட அந்தப் பிரபலமான அடி ஓப்பன் டியில்தான் வரும், கேப்போ இல்லாமலே வாசிக்கலாம். நல்ல கேப்போ உன்னிடம் இருக்கிறதா, இல்லை பணம் அனுப்பட்டுமா?

அப்பா