மருமகனின் வேட்டியில் மஞ்சள் கறை

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் நீ இருமிய இருமல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மருமகனின் வேட்டியில் நண்டுக் குழம்பு ஊற்றுப்பட்டதாம், பிளீச்சில் ஊறவைத்தும் போகவில்லையாம், அதன்மேல் வினாகிரியையும் ஊற்றினாயாம். அதுவும் பனிக்காலத்தில், யன்னல் பூட்டிய குளியலறைக்குள்! வேட்டி போனால் இன்னொன்று வாங்கலாம், பிள்ளை.

எத்தனையோ பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தேன், உனக்கு இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று இரவு முழுவதும் மனம் அடித்துக்கொண்டது. பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். வினாகிரியோ, தேசிக்காய்ப் புளியோ, மலசலகூடத்துக்கு ஊற்றும் அசிட்டோ, எந்த அமிலம் அதில் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். 1915இல் போர்க்களத்தில் ஆட்களைக் கொல்லத் திறந்துவிட்ட வாயு அது. கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவம் பட்டாலும் நஞ்சுதான். பிளீச்சோடு பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் சேர்க்காதே. அந்த நெடி மூக்கில் ஏறினால் துடைத்துக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே போய்விடு. இன்றைக்கும் நெஞ்சு இறுகினால் வைத்தியரிடம் காட்டு.

சவர்க்காரம் பட்டதும் கறை சிவந்துவிட்டது என்று பயந்தாய் அல்லவா? ஆராத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்குமே, அதே கதைதான். சவர்க்காரத்தின் காரம் அலசிப் போனதும் மறுபடி மஞ்சளாகும். குழம்பில் எண்ணெய் இருப்பதால், முதலில் கோப்பை கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் மெதுவாகக் கசக்கி அலசு. பிறகு ஈரத்தோடு வெளிச்சத்தில் விரி. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்க்குமின் வெயிலில் சிதைந்துவிடும். இங்கே கிணற்றடிக் கொடியில் காலையில் போட்டால் பின்னேரம் மங்கியிருக்கும். உனக்கு யன்னலோரத்தில் சில நாள் கிடக்க வேண்டும், பொறுத்துக்கொள். பருத்தி என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். பட்டில் பிளீச் படவே கூடாது, நூலையே தின்றுவிடும்.

1990இல் பொருளாதாரத் தடை வந்து சவர்க்காரம் அருமையாகிப் போனபோது, அம்மம்மா பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில்தான் உடுப்புத் தோய்த்தார். அதன் கசப்புக்குள் சப்போனின் இருக்கிறது, நுரைக்கும். ஆனால் வாசம் போகாது. நான் பள்ளிக்கூடம் கட்டிப் போகும் வெள்ளைச் சேலையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால், பக்கத்து வீட்டு மாடு தலைப்பைச் சப்பிக்கொண்டு நிற்கும். அம்மம்மா தடியோடு ஓடி, எச்சில் ஒழுகும் தலைப்பைப் பிடுங்கி, மறுபடி கிணற்றடியில் குந்துவார். அந்தச் சேலையை ஐந்து வருடம் கட்டினேன்.

அப்பா நல்லூரில் புது வேட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், ஒடியல் மாவோடு அனுப்புகிறோம். இருமல் எப்படி இருக்கிறது என்று இன்றிரவே எடுத்துச் சொல்.

அன்புடன்,
அம்மா